மிடில் ஸ்கூலில் சேர்க்கும் முன் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, பிள்ளையை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் சேர்க்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்து வீடு பிடிக்கிறோம். அங்கே பாடவேளைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று கேட்பதில்லை. நானும் கேட்காமல்தான் சேர்த்தேன்.

இங்கே பாடத்துக்குப் பாடம் பிள்ளைகள்தான் அறை மாற வேண்டும். பல பள்ளிகளில் அதற்கு நான்கைந்து நிமிடமே கொடுக்கிறார்கள். என் மகள் முதல் வாரம் முழுக்க, புத்தகங்கள் வைக்கும் லாக்கரின் எண்பூட்டோடு போராடினாள். வலம், இடம், மறுபடி வலம். ஒரு கோடு பிசகினால் முதலிலிருந்து திருப்ப வேண்டும். மூச்சிரைக்க வகுப்புக்குள் நுழையும்போது பலகையில் முதல் கணக்கு முடிந்திருக்கும். அதே மாதிரிப் பூட்டு ஒன்றை வாங்கி வீட்டிலேயே பழக்குங்கள். இரண்டே நாளில் கை பழகிவிடும்.

அட்டவணையில் இரண்டு வகை பரவலாக உண்டு. ஒன்றில் எல்லாப் பாடமும் தினமும் 45, 50 நிமிடம் நடக்கும். மற்றது பிளாக் முறை: 80, 90 நிமிட வகுப்பு, ஒருநாள் விட்டு ஒருநாள். அறிவியல் சோதனைக்கும் கட்டுரை எழுதவும் நீண்ட வகுப்பு அருமையானது. கணக்கில்தான் கவனம் வேண்டும். செவ்வாய் வகுப்பு முடிந்து, வியாழனன்று காய்ச்சலில் படுத்துவிட்டால், அடுத்த வகுப்பு திங்கட்கிழமைதான். ஆறு நாள் இடைவெளியில் பின்னங்கள் மறந்தே போகும். வகுப்பு இல்லாத நாளில் பத்து நிமிடமாவது நீங்கள் கூட உட்காருங்கள்.

காலையில் எழ மறுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகிறது. இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014லேயே சொன்னது. கலிபோர்னியாவில் 2022 முதல், கிராமப்புறப் பள்ளி நிர்வாகப் பகுதிகள் (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) நீங்கலாக, மிடில் ஸ்கூல்கள் 8 மணிக்கு முன் தொடங்க முடியாது. பல இடங்களில் ஒரே பஸ்கள் தொடக்க, நடுநிலை, உயர்நிலை என்ற மூன்று நிலைப் பள்ளிகளுக்கும் மாறி மாறி ஓடுவதால், யாரோ ஒருவர் விடியலிலேயே கிளம்ப வேண்டியிருக்கிறது.

அட்டவணை பொருந்தவில்லை என்றால் முதல் இரண்டு வாரத்துக்குள், மாணவர்களின் அட்டவணையைக் கவனிக்கும் பள்ளி ஆலோசகரை (கவுன்சிலர்) பாருங்கள். பிறகு வேறு வகுப்பில் இடம் கிடைப்பது கடினம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். பொதுப் பள்ளிகள் கட்டணமின்றி ஏற்பாடு செய்ய வேண்டும்.