ஒரு லிட்டர் கூடுதல் ஆயில் ஊற்றினால் போதுமா?

வலதுவளைவு: டொயோட்டா ஜிஆர்86 காரை மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் அளவுக்கு மேல் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றிக்கொண்டால் போதுமாம், ஆயில் அலையாமல் தடுப்புத் தகடு வைத்த சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் கலம்) வீண் செலவாம். நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1 ஜி விசையில், அதாவது புவியீர்ப்புக்குச் சமமான பக்க விசையில், வலப்புறம் திரும்பினால் சம்பில் ஆயில் மட்டம் 45 பாகை சாய்ந்து நிற்கும். ஆயில் இடப்பக்கம் ஏறிக்கொண்டால் உறிஞ்சு குழாய் காற்றைத்தான் இழுக்கும். நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் ஒரே ஒரு நொடி ஆயில் தவறினாலும் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் 116 முறை சுற்றிவிடும். அந்த ஒரு லிட்டர் அங்கே என்ன செய்யும்?

கிள்ளான்காரன்: எழுதியவன் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். மூன்று ஆண்டுகளாக ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றித்தான் ஓட்டுகிறேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது.

வலதுவளைவு: கிராங்கைத் தாங்கும் பேரிங்கைக் கழற்றிப் பார்த்தீர்களா? ஆயில் அழுத்தமானி பொருத்தினீர்களா? சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருப்பவருக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும். கூடுதல் ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கும். நுரை பேரிங்கைக் காக்காது.

கிள்ளான்காரன்: இது சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சின், ஐயா. கிராங்க் சம்புக்கு வெகு உயரத்தில் இருக்கிறது. படுத்திருக்கும் எஞ்சினை நேரில் பார்த்துவிட்டு வந்து பாடம் நடத்துங்கள்.

பட்டறைவாசி: இருவருமே சிலிகானை மறந்துவிட்டீர்கள். சம்ப் ஓரத்தில் பிதுங்கும் சிலிகான் சீலண்ட் (கசிவு தடுக்கும் பசை) துணுக்குகள் உறிஞ்சு குழாயின் வலையில் சிக்குகின்றன. எத்தனை உரிமையாளர்கள் படம் எடுத்துக் காட்டினார்கள்! முதலில் சம்பைக் கழற்றுங்கள்.

வலதுவளைவு: பேச்சைத் திருப்பாதீர்கள். வலை சுத்தமாக இருந்த கார்களிலும் நீண்ட வலது வளைவில் அழுத்தம் சரிந்திருக்கிறது. கேள்வி ஒரு லிட்டரைப் பற்றியது.

பட்டறைவாசி: போன ஆண்டு பிரேக் திரவத்தைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள். மறக்கவில்லை.

கொர்வெட்பித்தன்: 2006 கொர்வெட் இசட்06 காரிலேயே டிரை சம்ப் வந்துவிட்டது. ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துவிட்டால் வளைவு என்ன செய்யும்? நீங்கள் கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுகிறீர்கள்.

வலதுவளைவு: அந்தக் காரிலும் 8 குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) கொள்ளளவு போதாமல் 2009இல் 10.5 ஆக்கினார்கள். பெருமை பேசுமுன் அதையும் சொல்லுங்கள்.

கிள்ளான்காரன்: ஆக, கூடுதல் ஆயில் உதவுகிறது! உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. இரண்டரை குவார்ட் அவர்களுக்கு ஆகும், ஒரு லிட்டர் எனக்கு ஆகாதா?

வலதுவளைவு: அவர்கள் பெரிதாக்கியது தனித் தொட்டியை. நீங்கள் ஊற்றுவது கிராங்குக்குக் கீழே, தடுப்பே இல்லாத அகலச் சம்பில். இரண்டும் ஒன்றா? மறுபடியும் கேட்கிறேன்: ஆயில் முழுவதும் இடப்பக்க சிலிண்டர் தலைக்குப் போய்த் தேங்கும்போது உங்கள் ஒரு லிட்டர் மட்டும் குழாயடியில் காத்திருக்குமா?

கிள்ளான்காரன்: காத்திருந்ததால்தான் என் கார் ஓடுகிறது.

வலதுவளைவு: செப்பாங்கின் 7, 8ஆம் வலது வளைவுகளில் எடுத்த அழுத்தப் பதிவைப் போடுங்கள். அதுவரை உங்கள் மூன்று ஆண்டுக் கதையை நான் ஏற்கப்போவதில்லை.

கிள்ளான்காரன்: உங்கள் தகடு போட்ட காரின் பதிவை நீங்கள் முதலில் போடுங்கள்.

பட்டறைவாசி: சம்பை இன்னும் யாரும் கழற்றவில்லை.