நியூகாசிலில் ஆடிய அந்த ஓர் ஆட்டம்: விளிம்பில் நின்றவர்களை சவுத்கேட் சரியாக எடைபோட்டாரா?

இடதுகரை எழுதியது:

ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துத் தொடரான யூரோ 2024-இன் இறுதியாட்டத்தில் ஸ்பெயினிடம் 2-1 என்று இங்கிலாந்து தோற்றதைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. நான் ஜூன் 3-ஆம் தேதிக்குத் திரும்ப விரும்புகிறேன். அன்று போஸ்னியாவுக்கு எதிராக நியூகாசிலில் நடந்த நட்புமுறை ஆட்டத்தில் 3-0 என்று வென்றோம். அதற்கு மூன்று நாள் கழித்து, அப்போதைய பயிற்சியாளர் சவுத்கேட்டின் 33 பேர் கொண்ட உத்தேச அணி 26 பேராகக் குறைக்கப்பட்டது. அன்று மாற்று ஆட்டக்காரராக இறங்கி, இடது ஓரத்தில் பந்தைப் பிடித்து வைத்து எதிரணியின் தற்காப்பை நகர்த்திக் காட்டிய கிரீலிஷ் நீக்கப்பட்டார். வழக்கமாக வலது பின்களத்தில் ஆடுபவர், அதே ஆட்டத்தில் நடுக்களத்தில் ஆடிப் பெயர் வாங்கிய அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட், போட்டித் தொடரின் முதல் ஆட்டத்திலேயே அந்த இடத்தில் நிறுத்தப்பட்டார். இரண்டுமே தவறான தீர்ப்புகள் என்பது என் வாதம். ஜெர்மனியில் நம் இடது பக்கம் ஆட்டத்துக்கு ஆட்டம் முடங்கிக் கிடந்ததற்கு விதை அன்றே ஊன்றப்பட்டது.

கணக்கர் எழுதியது:

நண்பரே, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் சாட்சியாகக் கொண்டுவருவது மிகவும் பலவீனமானது. போஸ்னியா புதிய பயிற்சியாளர் பார்பரேஸின் கீழ் முதன்முதலாக ஆடிய அணி. அந்த அணிக்கு எதிராகவே ஒரு மணி நேரம் நம்மால் கோல் அடிக்க முடியவில்லை. பால்மரின் பெனால்டிதான் கதவைத் திறந்தது. மற்ற இரண்டு கோல்களும் கடைசி ஐந்தாறு நிமிடங்களில், எதிரணி களைத்த பிறகு வந்தவை. அப்படிப்பட்ட நேரத்தில் களமிறங்குபவருக்கு எல்லாம் எளிதாகத் தெரியும். கிரீலிஷ் 2023-24 பிரீமியர் லீக் பருவம் முழுவதிலும் அடித்தவை 3 கோல்கள். அதே பருவத்தில், அணியில் இடம்பிடித்த எஸே 11, கார்டன் 11, போவன் 16. பத்து மாத உழைப்பை அரை மணி நேரம் அழித்துவிடலாம் என்றால், லீக் எதற்கு?

ஒரு பழைய ஆட்டத்தை நினைவூட்டுகிறேன். 2003 பிப்ரவரியில் அப்டன் பார்க்கில் ஆஸ்திரேலியாவிடம் 3-1 என்று தோற்றபோது, அப்போதைய பயிற்சியாளர் எரிக்ஸன் இடைவேளையில் பதினொரு பேரையும் மாற்றினார். இரண்டாம் பாதியில் கோல் அடித்தவர் ஃபிரான்சிஸ் ஜெஃபர்ஸ். அதன்பின் அவர் இங்கிலாந்துக்காக ஆடவே இல்லை. அதே பாதியில் அறிமுகமான பதினேழு வயதுச் சிறுவன் கோல் எதுவும் அடிக்கவில்லை. அவர் பெயர் ரூனி. 120 ஆட்டங்கள், 53 கோல்கள். நட்புமுறை ஆட்டத்தை வைத்து மதிப்பெண் போடுபவர்கள் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

இடதுகரை எழுதியது:

நீங்கள் சொன்ன கதை என் பக்கம்தான் பேசுகிறது. அன்று ரூனியைப் பார்த்தவர்கள் கோல் கணக்கைப் பார்க்கவில்லை. தன்னைவிடப் பத்து வயது மூத்த தற்காப்பாளர்களுக்கு நடுவே அவர் பந்தை எப்படி வாங்கினார், எப்படித் திரும்பினார் என்பதைப் பார்த்தார்கள். ஆக, நட்புமுறை ஆட்டம் பொய் சொல்வதில்லை. நாம் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்கிறோம். லீக் சொல்லாத எதை இந்த ஆட்டம் சொல்லும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒருவர் தன் கிளப்பில் எத்தனை கோல் அடித்தார் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. போட்டித் தொடரில் எவருக்கு அருகில், எந்த இடத்தில் நிற்கப் போகிறாரோ, அந்த இடத்தில் அவர் எப்படி இயங்குகிறார் என்பதுதான் தெரியாதது.

இந்த அளவுகோலை வைத்து இரண்டு ஆட்டங்களை ஒப்பிடுங்கள். மார்ச் 26 அன்று பெல்ஜியத்துடன் 2-2 என்று முடிந்த ஆட்டத்தில், பதினெட்டு வயது நடுக்கள வீரர் மைனூ முதன்முறையாகத் தொடக்க அணியில் ஆடினார். அவர் அருகில் நடுக்களத்தின் நிலையான வீரர் ரைஸ் இருந்தார், எதிரே வலுவான அணி இருந்தது. அன்று நாம் கண்ட நிதானம் யூரோவின் நாக்-அவுட் ஆட்டங்கள் நான்கிலும் அப்படியே வந்தது. ஜூன் 3-இல் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் நடுக்களத்தில் நன்றாக ஆடினார், ஒரு கோலும் அடித்தார்; ஆனால் அவர் அருகில் இருந்தவர் கேலகர், ரைஸ் தொடக்க அணியிலேயே இல்லை. நம்மை அழுத்தி ஆடாத எதிரணிக்கு முன்னால், போட்டியில் அமையப் போகாத இணையோடு நடத்திய சோதனையிலிருந்து என்ன முடிவுக்கு வர முடியும்? டென்மார்க்குக்கு எதிராக 54-ஆம் நிமிடத்தில் அவரை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆட்டத்தில் கேலகர் வந்தார். இடைவேளையோடு அவரும் போனார்.

பயிற்சி மைதானம் எழுதியது:

இருவரும் முன்கள வீரர்களையே பேசுகிறீர்கள். எனக்குப் பிராந்த்வைட்டைப் பற்றித்தான் கவலை. ஜூன் 3-இல் அறிமுகமானார், ஜூன் 6-இல் நீக்கப்பட்டார். அவர் இடதுகால் தற்காப்பாளர். அணியிலிருந்த ஒரே இயல்பான இடது பின்கள ஆட்டக்காரரான லூக் ஷா பிப்ரவரிக்குப் பின் யூரோ காலிறுதி வரை ஆடவே இல்லை. அந்த இடத்தில் வலதுகால் டிரிப்பியர். அவருக்கு உள்பக்கம் நின்ற மையத் தற்காப்பாளர் கெயியும் வலதுகால்காரர். பின்னாலிருந்து பந்து வெளியேற வேண்டிய பாதையில் ஒவ்வொரு முறையும் ஒருவர் நின்று, உள்பக்கம் திரும்பி, வலது காலுக்கு மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடியில் எதிரணி இடம் மாறிவிடும். இன்னொரு தற்காப்பாளரான டங்க் அணியோடு பயணம் செய்தார், ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. கெயி மிகச் சிறப்பாக ஆடினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மாற்றாகவாவது ஓர் இடதுகாலை வைத்துக்கொள்ள ஒரு நட்புமுறை ஆட்டத்தின் முடிவு தேவையா என்ன?

கணக்கர் எழுதியது:

பிராந்த்வைட் குறித்து நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அது ஆட்டத்தை எடைபோடும் சிக்கலே அல்ல, அணி அமைப்பின் சிக்கல். அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் குறித்த வாதமும் எனக்குச் சரியாகப் படுகிறது. ரைஸுடன் சேர்த்து ஆடவிடாமல் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் அளவுகோலைக் கிரீலிஷுக்கும் வைத்துப் பாருங்கள். அவரும் போஸ்னியாவுக்கு எதிராகத்தானே ஆடினார்? அவர் பின்னால் இடதுகாலோடு ஓடி வரும் துணை அன்றும் இல்லை, ஜெர்மனியிலும் இருந்திருக்காது. ஒருவருக்குச் செல்லாத சாட்சி இன்னொருவருக்கு மட்டும் எப்படிச் செல்லும்? மேலும், நாம் பார்த்தது ஓர் ஆட்டத்தின் ஒரு பகுதி. பயிற்சியாளர் பல நாள் பயிற்சியைப் பார்த்தவர். நடுக்கள வீரர் வார்ட்டனை எடுங்கள். பிப்ரவரியில்தான் இரண்டாம் நிலை லீக்கின் பிளாக்பர்னிலிருந்து பிரீமியர் லீக்குக்கு வந்த இருபது வயதுக்காரர், அதே போஸ்னியா ஆட்டத்தில் அறிமுகமாகி அணியிலும் இடம்பிடித்தார். ஆனால் தொடரில் ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. நட்புமுறை ஆட்டத்தில் பளிச்சிடுவது ஓர் இடத்தைப் பெற்றுத் தரலாம். நம்பிக்கையைப் பெற்றுத் தராது.

இடதுகரை எழுதியது:

கிரீலிஷ் குறித்து நீங்கள் பிடித்த முரண் நியாயமானது. ஜூன் 3 ஆட்டத்தை அவருக்கான சான்றாகக் காட்டியது என் பிழை. அவருக்காக வாதாட வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் ஆட்டத்தைக் கொண்டுதான் வாதாட வேண்டும். உங்கள் மூன்று கோல் கணக்கு அப்போதும் குறுக்கே நிற்கும்.

வார்ட்டன் விஷயத்தில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். அவர் பந்தை வாங்கும் முன்பே தலையைத் திருப்பிப் பார்த்து, முதல் தொடுதலிலேயே முன்னால் அனுப்பினார். எதிரணி யாராக இருந்தாலும் அந்தப் பழக்கம் மாறாது. அதனால்தான் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். அவருக்கு நிமிடங்கள் கிடைக்காதது அவர் மீதான தீர்ப்பு அல்ல.

சுவிட்சர்லாந்துக்கு எதிரான காலிறுதியை நினைத்துப் பாருங்கள். 0-1 என்று பின்தங்கியபின், 78-ஆம் நிமிடத்தில் ஷா, எஸே, பால்மர் மூவரும் ஒன்றாக இறங்கினார்கள். இடது ஓரத்தில் ஓர் இடதுகால் வந்தது. இரண்டு நிமிடத்தில் சாகா வலப்பக்கத்திலிருந்து வெட்டி வந்து சமன் செய்தார்.

கணக்கர் எழுதியது:

அந்தக் கோலில் ஷா பந்தைத் தொடவே இல்லை, நண்பரே.

பயிற்சி மைதானம் எழுதியது:

தொடத் தேவையில்லை, ஐயா. அவர் அந்த ஓரத்தில் நிற்கிறார் என்றாலே எதிரணி அந்தப் பக்கத்துக்கும் ஓர் ஆளை ஒதுக்க வேண்டும்.