குவேக்கர்கள் ஆயுத வணிகத்தை எதிர்ப்பது எதன் அடிப்படையில்?

கேள்வி:
லண்டன் எக்செல் அரங்கில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் ஆயுதக் கண்காட்சிக்கு எதிராக, குவேக்கர் என்னும் கிறித்தவ சபையினர் அரங்கின் வெளியே சாலையில் அமர்ந்து மௌனமாக வழிபட்டதாக அறிந்தேன். முழக்கமே இல்லாத இந்த எதிர்ப்பின் வேர் எது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, பிரிட்டன் குவேக்கர்களின் வழிபாடே மௌனம்தான். போதகர் இல்லை, பாடகர் குழு இல்லை. கூடி அமர்ந்திருப்போரில் உள்ளத்தில் ஏவுதல் பெற்றவர் மட்டும் எழுந்து சில சொற்கள் பேசிவிட்டு அமர்வார். ஒவ்வொரு மனிதரிடத்தும் இறை ஒளி உண்டு என்று நம்புவதால், எந்த நோக்கத்துக்காகவும் ஆயுதம் ஏந்தமாட்டோம் என்று 1660-இலேயே இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். கொல்வது பாவமென்றால், கொல்லும் கருவியை விற்று வாழ்வதும் பாவமே என்பது என் எண்ணமும்கூட.

மறுமொழி 2:
ஒரு நிகழ்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்படவிருந்த டைஃபூன் போர் விமானங்களைச் செயலிழக்கச் செய்ய, 2017 ஜனவரியில் ஒரு குவேக்கரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும் லங்காஷயரின் வார்ட்டன் விமானத் தளத்துக்குள் நுழைந்து, விமானங்களை எட்டும் முன்பே பிடிபட்டார்கள். சவூதியின் குண்டுவீச்சிலிருந்து ஏமன் மக்களின் உயிரைக் காக்கவே முயன்றோம் என்ற அவர்களது வாதத்தைக் கேட்ட பர்ன்லி நீதிமன்றம், அக்டோபரில் இருவரையும் விடுவித்தது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 2014-இல் நடைமுறைக்கு வந்த ஆயுத வணிக உடன்படிக்கை விற்பனையை நெறிப்படுத்துகிறதே தவிரத் தடை செய்யவில்லை. அவர்கள் இன்னும் சாலையில் அமர்வதன் காரணம் இப்போது புரிகிறது.