தேவிகுளத்துல மூணாவது கட்சி நின்னா ஓட்டு வீணா?

லயத்துப்பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு மூணாறு பக்கம் எஸ்டேட்டு, வேலை இப்ப திருப்பூர்ல, ஓட்டு மட்டும் இன்னும் தேவிகுளம் தொகுதியிலதான். லீவுக்கு ஊருக்கு வந்தா ஒரு கட்சிக்காரங்க (பேரு வேணாம், சண்டை வரும்) லயத்துல (எஸ்டேட்டு வரிசை வீடுங்க) கூட்டம் போட்டு, கேரளா முழுக்க 140 தொகுதியிலயும் தனியா நிக்கப்போறோம், எல்டிஎஃப்பும் (சிபிஎம் கூட்டணி) வேணாம் யூடிஎஃப்பும் (காங்கிரஸ் கூட்டணி) வேணாம், இங்க உங்க ஆளையே நிறுத்துறோம்னு சொல்லி எங்க சித்தப்பா மகன் பேரை எழுதிட்டுப் போயிருக்காங்க. அவனும் ஆசைப்படுறான். மாமா என்னடான்னா மூணாவது ஆளுக்குப் போடுற ஓட்டு ஆத்துல கரைச்ச புளிதான்டாங்குறாரு. நின்னா ஏதாச்சும் பிரயோஜனம் இருக்கா, டெபாசிட் எவ்வளவு, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குமுளி செக்போஸ்ட்:
மாமா சொல்றதுல பாதி சரி தம்பி. 2021ல எல்டிஎஃப் 99, யூடிஎஃப் 41, கூட்டிப் பாருங்க, 140 ஆயிருச்சு. மூணாவதுக்கு ஒண்ணு கூட மிச்சம் இல்ல. பிஜேபி அத்தனை செலவு பண்ணியும் 2016ல நேமம் ஒண்ணு கிடைச்சுது, அடுத்த தடவை அதுவும் போச்சு.

மீதிப் பாதிக்கு 2016 தேவிகுளத்தைப் பாருங்க. அதிமுக அங்க தனியா நின்னு 11,000த்துக்கு மேல ஓட்டு வாங்குச்சு, ஜெயிச்ச சிபிஎம்முக்கும் தோத்த காங்கிரசுக்கும் வித்தியாசம் 6,000க்குள்ளதான். அதே வருசம் இதே இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டுல சிபிஐ ஜெயிச்சது வெறும் 314 ஓட்டுல, அங்கயும் அதிமுக அதைவிட ஜாஸ்தி வாங்கியிருந்துச்சு. ஜெயிக்க முடியலைனாலும் யாரு ஜெயிக்கணும்ங்கறதுல கை வைக்கலாம், அதுக்குத்தான் பெரிய கட்சிக்காரன் பயப்படுவான்.

இன்னொண்ணு சின்னம். அதிமுகவுக்கு இங்க ரெட்டை இலை கிடையாது, கேரளாவுல அது கேரளா காங்கிரஸ் மாணி குரூப்போட சின்னம், அந்தக் கட்சி ரோஷி அகஸ்டின் 2021ல இடுக்கியில அதுலதான் நின்னாரு. எம்ஜிஆர் காலத்துப் பாட்டிங்க சொந்தக்காரங்க வீட்டுக்கு இடுக்கிப் பக்கம் போய் செவுத்துல ரெட்டை இலையைப் பாத்துட்டுப் படுற சந்தோசம் இருக்கே! புதுக் கட்சி முன்கூட்டியே பொதுச் சின்னம் கேட்டு வாங்கலைன்னா தேர்தல் கமிஷன் லிஸ்டுல மிச்சம் இருக்கற சின்னத்துல ஒண்ணுதான், லயம் லயமா அதைக் கொண்டுபோய்க் காட்ட ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேலதான் டைம் இருக்கும்.

நெறியாளர்:
விஜய் கட்சி பத்தி தனி இழை ஓடுது, அதை இங்க கொண்டு வராதீங்க. ஏற்கனவே ரெண்டு பதிவைத் தூக்கியாச்சு.

கொழுந்து அக்கா:
தம்பி நான் எஸ்டேட்டுலயே இருக்கறவ, நான் சொல்றேன் கேளு. இங்க ஓட்டு கட்சி வழியாப் போறதில்ல, யூனியன் வழியாப் போகுது. ஏஐடியுசி (சிபிஐ), ஐஎன்டியுசி (காங்கிரஸ்), சிஐடியு (சிபிஎம்), இந்த மூணுல ஒண்ணுல நீ இருப்ப, உன் மெடிக்கல் பில்லு, லயத்துக் கூரை ஒழுகறது, புள்ளைக்கு வேலை மாத்தறது எல்லாத்துக்கும் யூனியன் கன்வீனர் பின்னாடிதான் போகணும், அந்த கன்வீனர் எலக்சன் அன்னைக்கு பூத்துல உக்காந்திருப்பான். புதுக் கட்சிக்கு பூத் ஏஜெண்டா உக்கார எந்த டிவிசன்ல யாரு இருக்கா சொல்லு பாப்போம்?

2015 செப்டம்பர்ல பொம்பளைங்க நாங்க ரோட்ல உக்காந்தது ஊருக்கே தெரியும். பெம்பிளை ஒருமைன்னு பேரு, பொம்பளைங்க ஒத்துமைன்னு அர்த்தம். போனஸ் 20 சதவீதம் வேணும்னு கேட்டோம், எங்க சார்பா பேசறோம்னு வந்த யூனியன் தலைவருங்களையே கிட்ட விடல. போனஸ் கிடைச்சுது, அப்புறம் நாள் கூலி 232லருந்து 301 ஆச்சு, கேட்டது என்னமோ 500. அந்தச் சூட்டோட நவம்பர்ல பஞ்சாயத்து எலக்சன் வந்துது, பிளாக் பஞ்சாயத்துல ஒண்ணு, கிராம பஞ்சாயத்துல ரெண்டு வார்டு ஜெயிச்சோம். எந்தக் கட்சியும் பின்னால இல்ல! ஆனா அடுத்த மே மாசம் சட்டசபை எலக்சன் வந்தப்ப நம்ம சனமே பழையபடி அரிவாளுக்கும் கைக்கும் போயிருச்சு. வார்டுன்னா எல்லா மொகமும் தெரியும், நடந்தே முடிச்சிரலாம். தொகுதின்னா வட்டவடை, மறையூர், காந்தலூர், அந்தப் பக்கம் அடிமாலி வரைக்கும் போகணும், அங்க இருக்கறவங்களுக்கு நம்ம லயத்துக் கஷ்டம் எங்க தெரியப் போகுது. அதுக்குள்ள தலைவிங்களுக்குள்ளயும் பிரிவு வந்துருச்சு, அதைப் பேசினா எனக்கு வயித்தெரிச்சல்தான்.

உன் சித்தப்பா மகன மொதல்ல வார்டுல நிக்கச் சொல்லு.

நாரோயில் பெரியவர்:
கொழுந்து அக்கா சொல்றது நியாயம். ஆனா மூணாவது கட்சின்னாலே ஒப்புக்குச் சப்பாணின்னு பேசறதை ஏத்துக்க முடியாது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்னு நேசமணி நடத்துனது என்ன? 1952ல திரு-கொச்சி (கேரளா ஆகறதுக்கு முன்னாடி இருந்த மாநிலம்) சட்டசபையில எட்டே சீட்டு, அந்த எட்டு பேரு ஆதரவுலதான் ஏ.ஜே. ஜான் மந்திரிசபை நின்னுச்சு, ஆதரவை விலக்குனதும் கவுந்துச்சு. 1954ல பன்னெண்டு சீட்டு ஆச்சு. அந்த ஆகஸ்ட் 11 போலீஸ் துப்பாக்கிச்சூடு எல்லாம் எங்க பக்கம் இன்னும் மறக்கல. 1956 நவம்பர் 1ல கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை, செங்கோட்டை எல்லாம் தமிழ்நாட்டுக்கு வந்துது. தேவிகுளம் பீர்மேடுதான் வரல, உங்க சனம் அங்கயே நின்னுட்டீங்க.

அவங்க எல்லாத் தொகுதியிலயும் நிக்கல பாருங்க. தமிழாள் எங்க கூட்டமா இருக்கானோ அங்க மட்டும் நின்னாங்க, கேட்டதும் தமிழ்நாட்டோட சேக்கணும்கற ஒரே ஒரு விசயம். 140லயும் நிக்கறோம்கறவன் கணக்கு வேற, மாநிலம் பூரா சேத்து இத்தனை சதவீதம்னு காட்டி அங்கீகாரம் வாங்குற கணக்கு. அந்தக் கணக்குக்கு உங்க தம்பி ஒரு பேரு, அவ்வளவுதான்.

வக்கீல் குமாஸ்தா:
யாரும் டெபாசிட்டுக்குப் பதில் சொல்லலையே. சட்டசபைக்கு 10,000, வேட்பாளர் எஸ்சி எஸ்டின்னா எந்தத் தொகுதியிலயும் 5,000. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்கைத் தாண்டலைனா திரும்ப வராது. தேவிகுளம் எஸ்சி ரிசர்வ், அதனால 5,000.

ஆனா பணம் இல்ல பிரச்சனை, பேப்பர்தான். தேவிகுளத்துக்கும் வேட்புமனுவுக்கும் ஆரம்பத்துலருந்தே ஆகாது. 1957ல பி.கே. நாயர் மனுவைத் தள்ளுபடி பண்ணது தப்புன்னு எலக்சனே ரத்தாகி, 1958ல மறுபடி நடந்து கம்யூனிஸ்ட் ரோசம்மா புன்னூஸ் ரெண்டாவது தடவை ஜெயிச்சாங்க (இளையராஜா அண்ணன் பாவலர் வரதராசன் ஊர் ஊராப் பாடுன எலக்சன் அதுதான்). 2021ல அதிமுக வேட்பாளர் மனு தள்ளுபடி. அதே எலக்சன்ல ஜெயிச்ச சிபிஎம் ஏ. ராஜாவோட வெற்றியை அவரு எஸ்சி ரிசர்வ்ல நிக்கத் தகுதியில்லன்னு 2023ல ஹைகோர்ட்டு ரத்து பண்ணி, 2025ல சுப்ரீம் கோர்ட்டு திருப்பிக் குடுத்துச்சு. அந்தக் கேசுல மதம் ஒரு கேள்வி, குடும்பம் எப்ப தமிழ்நாட்டுலருந்து மலைக்கு வந்துதுங்கறது இன்னொரு கேள்வி. 1950க்கு முன்னாடியே இங்க இருந்தோம்னு காட்டற எஸ்டேட் ரெக்கார்டு உங்க சித்தப்பா வீட்டுல இருக்கா?

லயத்துப்பையன்:
எல்லாருக்கும் நன்றி. தாத்தா காலத்துப் பேரேடு கம்பெனி ஆபீஸ்ல இருக்கும்னு சித்தி சொல்றாங்க, திங்கக்கிழமை போய்க் கேக்கச் சொல்லியிருக்கேன். அக்கா சொன்னதை அவன்கிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன், மூஞ்சி சுண்டிப்போச்சு. பூத் ஏஜெண்டுக்கு யாரு இருக்கான்னு கட்சிக்காரங்களுக்கு போன் போட்டுக் கேட்டிருக்கான், அதெல்லாம் நீங்கதான் ஏற்பாடு பண்ணனும், போஸ்டர் மட்டும் நாங்க அனுப்புறோம்னு சொன்னாங்களாம்.

கொழுந்து அக்கா:
ஹாஹா அப்ப வார்டுதான். எந்த டிவிசன்னு தனிச்செய்தியில சொல்லு.