பயிற்சி முடிந்த பிறகு உங்கள் வகுப்பில் எது மாறியது?

அறிவியல் ஆசிரியை:
பதினேழு வருடமாக வகுப்பெடுக்கிறேன். இத்தனை பணியிடைப் பயிற்சிகளில் என் வகுப்பை உண்மையாகவே மாற்றியது ஒன்றுதான். அதுவும் பயிற்சி அரங்கில் நடக்கவில்லை, என் வகுப்பின் கடைசி பெஞ்சில் நடந்தது.

ஒரு பயிற்சியில் 'காத்திருக்கும் நேரம்' பற்றிச் சொன்னார்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்திருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு விநாடிதான் பொறுக்கிறார்களாம். அதை 3 விநாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வாயே திறக்காமல் இருப்பது குறைகிறது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அப்படித்தான் செய்கிறேன் என்று நம்பியும்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து பக்கத்து வகுப்பு ஆசிரியை, "நான் பின்னால உட்கார்ந்து எண்ணட்டுமா மேடம்?" என்றார். அந்தப் பீரியடில் நான் கேட்டது 22 கேள்வி. பொறுத்திருந்தது நான்கில் மட்டும். மற்றவற்றில் நானே பதிலைச் சொல்லியிருக்கிறேன், இல்லையென்றால் முதலில் கை தூக்கிய பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறேன். நன்றாக இருந்தது, சரியில்லை என்று அவர் எதுவும் சொல்லவில்லை. எண்ணிய தாளை மட்டும் கொடுத்தார். அதுதான் எனக்குத் தேவைப்பட்டது.

அப்புறம் பத்து வாரம், வாரம் ஒரு பீரியட் அவர் வந்தார். அவர் பார்க்கச் சொன்னதை நான் அவர் வகுப்பில் போய்ப் பார்த்தேன். ஆறாவது வாரம், பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று கேட்டுவிட்டு மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். வருடம் முழுக்கப் பேசாத ஒரு பையன், "உறையும்போது பெருசாகுதா மிஸ்?" என்றான். ஒரு விநாடியில் நகர்ந்திருந்தால் அந்தக் குரலை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

கணித ஆசிரியர்:
எங்கள் அனுபவம் இதற்குப் பக்கத்தில்தான் வரும். ஜப்பான் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் கவனிப்பார்கள், பிறகு பேசித் திருத்துவார்கள். அதைப் பின்னக் கூட்டலுக்கு நாங்கள் நால்வர் செய்து பார்த்தோம். கவனிப்பவர்கள் ஆசிரியரைப் பார்க்கக் கூடாது, பிள்ளைகளின் நோட்டைப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று பாதி வகுப்பு எழுதியது. விடை பாதியைவிடக் குறைந்துவிட்டதே என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. விதியை இன்னொரு முறை சொல்லி என்ன பயன்? விடை பாதியைவிடக் கூடுமா குறையுமா என்ற கேள்வியில் மறுபாடத்தைத் தொடங்கினோம்.

ஆனால் நால்வருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வுப் பீரியட் ஒதுக்கிய பிறகுதான் இது நடந்தது. பள்ளி முடிந்தபின் இருங்கள் என்று சொல்லியிருந்தால் இரண்டாவது வாரமே நின்றிருக்கும்.

கருத்தாளர்:
நான் மேடைப் பக்கம் நின்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். ஒரே நாளில் எட்டுத் தலைப்பு நடத்துவேன், கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்று எழுதித் தருவார்கள். அரை வருடம் கழித்து அதில் மூன்று பேரின் வகுப்புக்குப் போனேன். நான் சொல்லிக்கொடுத்த எதுவும் அங்கே இல்லை. அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை, நான் திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான்.

விளக்கமும் செய்துகாட்டலும் மட்டும் வகுப்புவரை வந்து சேராது, பிறகு கூடவே இருந்து உதவ வேண்டும் என்று ஜாய்ஸ், ஷவர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். 2007இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வுத் தொகுப்பிலும், 14 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பயிற்சிகளில்தான் மாணவர் தேர்ச்சியில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. இப்போது அரை நாளில் ஒரே தலைப்பு, அப்புறம் மூன்று முறை வகுப்புக்கே போகிறேன். முதல் முறை போகும்போது ஆய்வுக்கு வந்திருக்கிறேன் என்று பயப்படுகிறார்கள். அதனால் எதையும் எழுதி மேலே அனுப்ப மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், சொன்னபடியே நடக்கிறேன்.

புதிய ஆசிரியை:
எங்கள் பள்ளியில் இந்தப் பாடத்துக்கு நான் ஒருத்திதான். பின்னால் உட்கார யாரைக் கூப்பிடுவது?

அறிவியல் ஆசிரியை:
வேறு பாட ஆசிரியரே போதும்மா, எண்ணுவதற்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. அதுவும் முடியாவிட்டால் பள்ளியில் அனுமதி கேட்டு பத்து நிமிடம் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். கேள்விக்குப் பிறகு எவ்வளவு நேரம் மௌனம் என்பதை மட்டும் கேளுங்கள், கேட்டதும் அழித்துவிடுங்கள். அடுத்த வாரமும் அதையே கேளுங்கள், புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.