காவடி முடிந்தும் மகள் விரதத்தை விடமாட்டேன் என்கிறாள்

டர்பன்_அம்மா:
மகளுக்கு 15 வயது, கிரேடு 10. புரட்டாசியில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் கறி, மீன் கிடையாது, அதனால் போன வருஷம் அவளும் சைவம் என்றபோது எனக்குச் சந்தோஷம்தான். அப்புறம் வெள்ளிக்கிழமை ஒருபொழுது, பிறகு செவ்வாயும் சேர்ந்தது, தைப்பூசக் காவடிக்குக் கொடியேறியதும் பத்து நாள். காவடி முடிந்து ஆறு வாரம் ஆகியும் ஒரு வேளைச் சோறு முழுதாக உள்ளே போகவில்லை. பள்ளியில் சாப்பிட்டேன் என்கிறாள், டப்பா அப்படியே பையில் கிடக்கிறது. இந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போடுகிறாள், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை. திட்டினால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் "கன்னம் ஏன் இப்படி உப்பியிருக்கு" என்று அவளைக் கேட்டபோது நானும் கூடச் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது தூக்கம் வரவில்லை. சாமிக்கு இருக்கும் விரதத்தை நான் தடுக்கலாமா?

மாரிட்ஸ்பர்க்_பெண்:
ஆன்ட்டி, எனக்கு இப்போது 22. நானும் விரதத்துக்குள்தான் ஒளிந்துகொண்டேன், சாமி பேரைச் சொன்னால் வீட்டில் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள் என்று தெரியும். பாட்டி இறந்த வருஷம் அது. வீட்டில் எல்லாரும் அவரவர் துக்கத்தில் இருந்தார்கள், எதுவுமே என் கையில் இல்லை, தட்டு மட்டும் என் கையில் இருந்தது. ஒல்லியாவதற்காக என்று எல்லாரும் நினைத்தார்கள், எனக்கோ மனசு மரத்துப்போனால் போதும் என்றிருந்தது. "எலும்பும் தோலுமா ஆயிட்டியே" என்று அம்மா அழும்போதுகூட என் காதில் அது பாராட்டாகத்தான் விழுந்தது, அதனால் உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். உனக்கு என்ன கஷ்டம் என்று கேளுங்கள். பதில் வராது, திரும்பவும் கேளுங்கள்.

ஜொகான்னஸ்பர்க்_நர்ஸ்:
சகோதரி, இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் பார்க்க வேண்டும். சாப்பிட்டபின் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்குப் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறலாம், அவர்களில் பலர் பார்வைக்கு ஒல்லியாகவே இருக்கமாட்டார்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பயந்துபோய் ஒரே நாளில் நிறைய ஊட்டிவிடாதீர்கள், ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்பில் அப்படிச் செய்தால் பாஸ்பேட் சட்டென்று குறைந்து உயிருக்கே ஆபத்தாகும், எவ்வளவு தரலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

அவள் சிடுசிடுப்பதைப் பிடிவாதம் என்று எடுக்காதீர்கள். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களைச் சேர்த்து, அரை வருஷம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். நல்ல மனநிலையில் இருந்தவர்களே எரிந்து விழுந்தார்கள், சோர்ந்துபோனார்கள், பகலெல்லாம் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தார்கள். பசியே மனசைக் கெடுக்கும், அதனால் மனசு சரியான பிறகு சாப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்படிச் சாப்பிட மறுக்கும் பிள்ளைகளுக்காக லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் உருவான சிகிச்சை முறையில், சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச நாள் பெற்றோரே ஏற்கிறார்கள், மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து.

டாக்டரிடம் அவள் தனியாகப் பேசவும் விடுங்கள், தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் வருஷக் குழந்தைகள் சட்டப்படி 12 வயதைத் தாண்டிய, புரிந்துகொள்ளும் பக்குவமுள்ள பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். சாகணும்போல இருக்கிறதா என்றும் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. யாரிடமாவது பேச வேண்டும் என்றால் பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி சைல்ட்லைன் 116, இலவசம்.

சாட்ஸ்வொர்த்_தாத்தா:
அம்மா, நாற்பது வருஷமாகக் காவடி எடுக்கிறேன். விரதம் என்றால் பாரணையும் சேர்ந்ததுதான், முடித்துச் சாப்பிடாத விரதம் நிறைவாகாது. உடம்புக்கு முடியாத பிள்ளை பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்த முருகனும் கேட்கமாட்டான். நீங்கள் சொல்லி அவள் கேட்காவிட்டால் கோயில் ஐயரைச் சொல்லச் சொல்லுங்கள், எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் செய்தோம். கன்னத்தைப் பற்றிப் பேசிய அந்தச் சொந்தக்காரரிடமும் இனி அப்படிப் பேசக்கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

டர்பன்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நாளை காலை டாக்டரிடம் போகிறோம். நேற்று ராத்திரி ரசம் சோறு பிசைந்து பக்கத்தில் உட்கார்ந்தேன், கல்யாண வீட்டில் சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். நாலு வாய் சாப்பிட்டாள். ரொம்ப நேரம் கழித்து, "பள்ளியில் என்கூட யாரும் உட்காருவதில்லைம்மா" என்றாள். அது எனக்கு இதுவரை தெரியாது.