புதுப்பிப்பு: மூன்றாம் கியர் விழ மறுத்ததன் காரணம்
என் 1969 செவ்ரலே கமாரோ காரில், இன்ஜின் வேகம் 6,000 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளை) தாண்டினால் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற மறுத்த மன்சி வகை நான்கு வேக கியர்பாக்ஸைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி ஜிஎல்-4 தர கியர் ஆயிலுக்கு மாறியும், கியர் லிவரின் இணைப்புக் கம்பிகளைச் சீரமைத்தும் பயனில்லை. கியர்பாக்ஸைக் கழற்றி, நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜை, இன்ஜினோடு சுழலும் ஃபிளைவீலில் பொருத்தி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றிலும் அளந்தபோதுதான், 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டிய மொத்த விலகல் 0.018 அங்குலமாக இருப்பது தெரிந்தது. மையம் நகர்ந்திருப்பது அதில் பாதி மட்டுமே என்பதால் (இதை மறந்து முதலில் 0.014 அளவை வாங்கிவிட்டேன்), பெல் ஹவுசிங்கை நகர்த்தி மையப்படுத்தும் 0.007 அங்குல ஆஃப்செட் டவல் பின்களைப் பொருத்தினேன், விலகல் 0.004 ஆகக் குறைந்தது. இப்போது மூன்றாம் கியர் தடையின்றி விழுகிறது. கியர் மாறும்போது வேகங்களை ஒன்றாக்கும், தேய்ந்திருந்த பித்தளை சிங்க்ரோ வளையத்தையும் கூடவே மாற்றிவிட்டதால், பலனில் எதற்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.